சொல் எடுத்துக் கொடுக்காதவர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. தேற்றாத்தீவில் வாவிக்கரையில் ஐஸ் ஆலை வைத்திருப்பது நானா, என்னோடு ஒரே பள்ளி வாங்கில் இருந்து மேலே படித்துப் போனவர்களா என்று பார்த்தால் விஷயம் விளங்கும். இந்தப் பக்கத்து இறாலும் நண்டும் என் ஐஸில் படுக்காமல் கொழும்பு பார்த்ததில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் மற்றவர்கள் பார்க்கட்டும். நான் ஆளைப் பார்ப்பேன். தோணி கரை தட்டி அவன் காலை இறக்கும் முன்பே, இன்றைக்கு இவன் வாயில் வருவது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவேன். ஊரே இதை ஒத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட என்னை மேசையில் மூன்று சாமானை வைத்து வாயடைக்க வைத்தவர் ஒருவர் இருந்தார். பெயரை எழுத மாட்டேன். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, வாவியைப் பார்த்தபடி அவருடைய வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அவருடைய மாப்பிள்ளையும் அப்படி வந்து இருந்தவர்தான். யுத்தம் நடந்த அந்தக் கூடாத காலத்தில் ஒரு நாள் காலையில் டவுனுக்கென்று சைக்கிளில் போனார். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை.

அன்றிலிருந்து ஊருக்கு மிஸ்ஸிடம் ஒரே கேள்விதான். வாயால் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள். இந்தப் பெண் புருஷன் உள்ளவளா, இல்லாதவளா? கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க இவரைக் கூப்பிடலாமா, கூடாதா? மிஸ் நெற்றியில் சின்னதாக ஒரு கறுத்த பொட்டு இருக்கும். சிவப்பும் இல்லை, வெறும் நெற்றியும் இல்லை. கலியாண வீட்டில் தாமாகவே பந்தல் கால் பக்கமாக ஒதுங்கி நின்றுகொள்வார், கூப்பிடுபவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று.

ஒரு தடவை அவரை என் வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். ஏதோ காணி அலுவல். கிளார்க் பொடியன் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தான்.

“மிஸ், இதுல கணவர் இரிக்கிறாரா, இறந்திட்டாரா எண்டதுல ஒண்டப் போடாம விட்டிரிக்கிறீங்க.”

“ரெண்டும் எனக்குத் தெரியா தம்பி.”

“தெரியாட்டி நான் ஒண்டப் போட்டு விடட்டா? அலுவல் முடிஞ்சிரும்.”

“அலுவல் சுணங்கட்டும். போடாதீங்க.”

சத்தம் போடவில்லை. அவனைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அலுவல் மாதக்கணக்கில் சுணங்கத்தான் செய்தது. நானாக இருந்தால் அந்த மேசையைப் புரட்டியிருப்பேன்.

என் வீட்டுக்கு அவர் ஆராய்ச்சிக்கென்று வந்தது அதற்குப் பிறகு. வாவி மீன் வாங்குகிறவர்கள் யாரை நம்புகிறார்கள், எதை வைத்து நம்புகிறார்கள் என்று அறியவேண்டுமாம். ஆராய்ச்சிக்காரர் எனக்குப் புதிது அல்ல. வருவார்கள், தாங்கள் எழுதி வந்ததை வாசிப்பார்கள், மிகவும் உடன்படுகிறீர்களா, ஓரளவு உடன்படுகிறீர்களா என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னால் சீக்கிரம் எழும்பிப் போய்விடுவார்கள். மிஸ்ஸையும் அப்படி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

“ஒரே சொல்லுல சொல்றன் மிஸ். நேர்மையானவன நம்புவன். கள்ளன நம்பமாட்டன். எழுதிக்கங்க. தேத்தண்ணி வருது, குடிச்சிட்டுப் போங்க.”

மிஸ் எழுதவில்லை. “அண்ணன், நீங்க கொண்டாடுற ஆக்கள், ஏமாத்தின ஆக்கள், ஒண்டா வேலை செஞ்ச ஆக்கள் எண்டு கொஞ்சப் பேரச் சொல்லுங்க. உங்களையும் ஒரு ஆளாச் சேருங்க. ஒவ்வொரு பேரையும் ஒவ்வொரு அட்டையில எழுதுவம்” என்றார்.

வாசிப்பு எனக்கு மெதுவாகத்தான் வரும். “கண்ணாடி ஆலையில கிடக்கு மிஸ், அட்டை எல்லாம் சரிவராது” என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. மிஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அட்டைகளைக் கட்டிப் பைக்குள் வைத்தார்.

“அப்ப அட்டை வேணாம். ஆளுக்கு ஒரு சாமான் நீங்களே எடுத்து வையுங்க.”

அப்படித்தான் என் மேசையில் மனிதர்கள் வந்து இருந்தார்கள். செத்துப்போன என் அண்ணனுக்கு வலையின் ஈயக்குண்டு. தோணிக்காரன் ஒருவனுக்குச் சிப்பி. என் சின்ன வயதில் என்னை அடித்து வேலை வாங்கிய பழைய முதலாளிக்குப் பாக்குவெட்டி. எனக்கு? தராசின் பெரிய படிக்கல்லை எடுத்து வைத்தேன். வேறு என்னத்தை வைப்பது?

மிஸ் மூன்றை மட்டும் முன்னுக்கு இழுத்தார். ஈயக்குண்டு, சிப்பி, படிக்கல்.

“இதுல எந்த ரெண்டு ஒரு மாதிரி? மற்றது எப்பிடி வேற?”

“அண்ணனும் நானும் ஒரு மாதிரி. நல்ல மனிசர்.”

“நல்ல எண்டா?”

“நல்ல எண்டா நல்லதான், மிஸ்.”

மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். இதுதான் அவருடைய குணம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நாம் ஒரு சொல்லுக்காகத் தடவிக்கொண்டு நின்றால் ஊரில் யார் என்றாலும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். என் மனுசி நான் வாய் திறக்கும் முன்பே கொடுப்பாள். மிஸ் கொடுக்க மாட்டார். நீங்கள் தவித்தாலும் கொடுக்க மாட்டார். வெயில் ஏறும், தேத்தண்ணி ஆறும், அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கடைசியில் வந்தது. “செத்த வீட்டுக்குப் பந்தல் போட முதலே வந்து நிக்கிறவங்க, மிஸ். அண்ணனும் அப்பிடி, நானும் அப்பிடி.”

“அதுக்கு எதிர்ப்பக்கம்?”

“வராதவன்.”

“இந்தச் சிப்பிக்காரர் வரவே மாட்டாரா?”

“ஏன் வராம? வருவான். சோறு போடுற நேரம் பார்த்து வருவான்.”

அப்போதுதான் மிஸ் பேனையைத் திறந்தார். நேர்மை, கள்ளம் என்று நான் சொன்னது அவர் கடதாசியில் ஏறவே இல்லை. பந்தலுக்கு வருகிறவன் ஒரு கரை, சோற்றுக்கு வருகிறவன் மறு கரை என்று ஒரு கோடு ஏறியது. அப்படியே மூன்று மூன்றாக மாற்றி மாற்றி வைத்தார். வலை கிழிந்தால் தானே சிரிக்கிறவன், அடுத்தவனை ஏசுகிறவன். வேலிப் படலையில் நின்று கூப்பிடுகிறவன், நேரே குசினி அடுப்பு வரைக்கும் வருகிறவன். ஒவ்வொன்றுக்கும் “ஏன் அது பெரிசு?” என்பார். சொன்னால் அதற்கும் ஏன் என்பார்.

மனுசி குசினியில் இருந்து குரல் கொடுத்தாள். “மிஸ், வாழ்ந்த காலம் முழுக்க நான் ஏன் ஏன் எண்டு கேட்டு இந்த மனிசன்ட வாயில ஒண்டும் வரல்ல. நீங்க கேட்டா மட்டும் கொட்டுது.”

“நீங்க கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லியிருப்பீங்க அக்கா” என்றார் மிஸ். மனுசி சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னிடம் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதுவும் ஒரு கரைச்சல்தான்.

எல்லாக் கோடும் வந்த பிறகு கட்டம் போட்டார். மேலே ஆட்கள், பக்கத்தில் கோடுகள். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு கோட்டில் எந்தக் கரைக்குக் கிட்ட நிற்கிறார் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை நான் இலக்கம் சொல்லவேண்டும். இதற்கு இங்கிலீசில் ரெப்பர்ட்டரி கிரிட் என்று நீளமாக ஒரு பெயர். ஒருவர் உலகத்தை எந்த எந்தக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார் என்று அவருடைய சொல்லாலேயே காட்டுமாம்.

ஓரிடத்தில் நான் தடுமாறினேன். ஒரு ஆள் செத்த வீட்டுக்குப் போவாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அவர் இந்த ஊரே இல்லை. “நடுவில மூண்டு எண்டு போடுங்க” என்றேன்.

“மூண்டு எண்டா ரெண்டு கரைக்கும் நடுவில நிக்கிறார் எண்டு அர்த்தம். இவர் அந்தக் கோட்டிலயே இல்ல. எல்லாக் கோடும் எல்லாருக்கும் பொருந்தாது அண்ணன். பொருந்தாட்டி கட்டத்த வெறுமையா விடுவம்.”

“வெறுமையா விட்டா வேலை முடியாத மாதிரி எல்லோ இரிக்கும்?”

“இரிக்கட்டும்.”

எனக்கு அந்தக் கந்தோர் நினைவு வந்தது.

முடிந்ததும் கடதாசியை என் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்து எனக்கு மெதுவாக வந்தாலும் இலக்கம் சட்டென்று வரும். இலக்கத்தில் என்னை ஏமாற்றப் பிறந்தவன் இல்லை. படிக்கல்லின் கீழே இறங்கி வந்த இலக்கங்களைப் பார்த்தேன். பாக்குவெட்டியின் கீழேயும் பார்த்தேன். ஏறக்குறைய அச்சு ஒன்றுதான்.

“இந்த ஆள் ஏன் என்ட பக்கத்தில வந்து நிக்கிறான்?” என்று கத்தினேன். “என்ன அடிச்சவன் மிஸ் இவன்!”

“நான் வைக்கல்ல அண்ணன். நீங்கதான் வச்சீங்க.”

கடதாசியைக் கொண்டு போகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கட்டத்தில் எங்கோ பிழை இருக்கிறது. நான் அவனைப் போல இல்லை. அவன் ஓர் ஆலை கட்டினானா? மிஸ் அதற்கு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சமாதானம் சொன்னால் அதுவும் சொல் எடுத்துக் கொடுப்பதுதானே.

அவருடைய மாணவர்களுக்கும் அந்தக் கதிதான். ஒரு பொடியன் ஆலைக்கு முன்னால் நின்று, வலைக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதி வந்ததை மிஸ்ஸிடம் காட்டினான். அதில் சமூகப் பொறுப்பு என்று எழுதியிருந்ததாம்.

“இது வலைக்காரர் சொன்னதா?”

“அவர்ட கருத்து அதுதான் மிஸ்.”

“கருத்து உங்கட. அவர்ட சொல்லு எங்க?”

பாவம், பொடியன் வந்த வெயிலிலேயே திரும்பிப் போனான்.

சில மாதம் நான் மிஸ்ஸுக்கு முகம் கொடுக்கவில்லை. அவர் வழக்கம் போல ஒழுங்கையில் “சுகமா அண்ணன்?” என்று போவார். பிறகு ஒரு நாள் நானே அவருடைய வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் கதவைப் பூட்டி நான் கண்டதில்லை. பூட்டாத வீட்டின் திறப்புச் சாவியை மட்டும் எந்நேரமும் பையில் வைத்திருப்பார்.

எனக்கும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கவேண்டும் என்ற வீம்பு. “மிஸ், உங்கட மனிசனுக்கு நீங்க எந்தச் சாமான வைப்பீங்க?”

திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

“உயிரோட இரிக்கிற ஆக்கள் ஒரு கரை. செத்த ஆக்கள் மறு கரை. இத எங்க வைக்கிற?”

“அந்தக் கோடு இவருக்குப் பொருந்தல்ல அண்ணன்.” கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்தார். “பொருந்தும் எண்டு எல்லாரும் எனக்குச் சொல்லித் தாறாங்க. ஒராள் விதவை எண்டுறார். ஒராள் அவர் வருவார் எண்டுறார். எனக்கு ரெண்டு சொல்லும் வேணாம். என்ட வாயில வாற நேரம் வரட்டும்.”

வரவில்லை. வந்தது வேறு.

பாரிசவாதம். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என்னைத் தெரிந்துகொண்டார், கண் சொன்னது. ஆனால் சொல் இல்லை, எழுத்தும் இல்லை. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். தேத்தண்ணியா என்றால் ஓம் என்று ஆட்டுவார். வேணாமா என்றாலும் ஓம் என்றே ஆட்டுவார். வாழ்நாள் முழுக்க யாருக்கும் சொல் எடுத்துக் கொடுக்காதவருக்கு வந்தவர் போனவர் எல்லாரும் எடுத்துக் கொடுத்தார்கள். மிஸ் பசிக்குது எண்டுறா, மிஸ் ஜன்னலச் சாத்தட்டாம், மிஸ் கும்பிட்டுக்கொள்றா. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கனடாவில் இருந்து மிஸ்ஸின் தம்பி வந்தான். நல்ல பிள்ளை, அக்கா என்றால் உயிர். அவரைக் கொண்டு போய்த் தன்னோடு வைத்திருக்கப் போவதாகவும், இல்லாவிட்டால் டவுனில் சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் விடுவதாகவும், வீட்டைப் பூட்டி விற்பதாகவும் சொன்னான். “அக்காவுக்குச் சம்மதம் அண்ணன். கேட்டன், தலையாட்டினா.”

அன்றைக்கு மிஸ்ஸை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நான் அவர் முன்னால் போய் இருந்தேன்.

“மிஸ், கனடாவுக்குப் போறீங்களா?”

தலையாட்டினார்.

“போகாம இஞ்சயே இரிக்கிறீங்களா?”

அதற்கும் ஆட்டினார். தம்பியின் முகம் செத்துப் போயிற்று.

“ஆம் இல்லைக்கு இவ பதில் சொல்ல ஒண்ணாது தம்பி” என்றேன். “கேட்கிற விதம் ஒண்டு இரிக்கு. இவதான் எனக்குக் காட்டித் தந்தவ.”

அவன் கொண்டு வந்த சொக்லட் டின்னை எடுத்து மிஸ்ஸின் முன்னால் வைத்தேன். “மிஸ், இது தம்பிட வீடு, கனடா.” சாமித்தட்டில் இருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தேன். “இது சிஸ்டர்மார்ட இல்லம்.” அவருடைய பையில் இருந்து திறப்பை எடுத்து வைத்தேன். “இது இந்த வீடு.” பிறகு கேட்டேன். “எந்த ரெண்டு ஒரு மாதிரி?”

மிஸ் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஏதோ எழும்பி வந்ததை நான் கண்டேன். இடது கை மெல்ல மெல்ல நகர்ந்து மெழுகுதிரியை டின்னோடு சேர்த்தது. திறப்பு தனித்து நின்றது.

“பாருங்க அண்ணன், திறப்பு வேணாம் எண்டு ஒதுக்குறா” என்றான் தம்பி.

“அவசரப்படாத மனே. வேற எண்டுதான் சொல்றா. வேணும் வேணாம் இன்னும் கேட்கல்ல.”

எனக்கு ஓர் எண்ணம் வந்திருந்தது. என் வீட்டில் இடம் இல்லையா? வாவிக் காற்று வராதா? மனுசி பார்க்க மாட்டாளா? ஆளை வீட்டுக்கு அனுப்பி அந்தப் படிக்கல்லைக் கொண்டுவரச் செய்தேன். மெழுகுதிரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்தேன். “இது என்ட வீடு மிஸ். ரெண்டு ஒழுங்கைதான். இனிக் கேட்கிறன்.” அது திறப்போடு போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிஸ் இடது கையைப் படிக்கல்லில் வைத்துத் தள்ளினார். பாரம், அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். மேசையைக் கீறிக்கொண்டு போய் டின்னோடு நின்றது.

 கனடாவும் நானும் அவருக்கு ஒரு கரைதான்.

அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நடுவில் வைத்தேன். “இது நீங்க. எங்க நிக்கிறீங்க?”

வெகுநேரம் எடுத்தார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மூக்குக்கண்ணாடியை இழுத்துக்கொண்டு போய்த் திறப்பின் மேல் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

தம்பி அழுதான். “அக்கா, உங்களத் தனிய விட்டுட்டு நான் எப்பிடிப் போற?”

மிஸ் அதற்கும் தலையாட்டினார்.

அவன் தனியாகத்தான் போனான். பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தியைக் கூடவே இருந்து பார்க்க ஏற்பாடு செய்தோம். கதவு சும்மா சாத்தியபடியே இருந்தது. மிஸ் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் போனால் பக்கத்தில் இருப்பேன்.  அவரைப் பிழைக்க வைப்பேன் என்று ஊரில் வாய் விட்டுச் சொல்லியிருந்தேன். என் கையால் ஆகாத காரியம் அது ஒன்றுதான். அடுத்த மாரி மழையில், வாவி முற்றம் வரை ஏறி நின்ற ஒரு காலையில், போய்விட்டார்.

செத்த வீட்டுக்குப் பந்தல் போட முதல் வந்து நின்றது நான்தான்.

உள்ளே பெண்கள் இரண்டு பட்டார்கள். சிவப்புப் பொட்டு வைத்து அனுப்பவேண்டும் என்று ஒரு பக்கம், அழிக்கவேண்டும் என்று ஒரு பக்கம். என் மனுசி “அவ வச்ச பொட்டு அவட நெத்தியில இரிக்கட்டும்” என்று சொல்லிக் கறுப்பையே விட்டாள். நான் மரண அறிவித்தல் அடிக்கச் சந்திக்குப் போனேன். அச்சுக்கடைப் பொடியன் கம்பியூட்டரில் தட்டிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்றான்.

“மாப்பிள்ளைட பேர் வருது ஐயா. முன்னுக்கு ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதா, போடாம விடுறதா? போட்டா செத்தவர். போடாட்டி இரிக்கிறவர். எல்லாருக்கும் ரெண்டுல ஒண்டுதான் வாற.”

கனடாவுக்குப் போன் எடுத்தேன். தம்பி அழுதபடி, “போடுங்க அண்ணன். இவ்வளவு காலம் ஆச்சு. இனியாவது ஒரு முடிவு வரட்டும்” என்றான். அவனைப் பிழை சொல்ல மாட்டேன்.

போனை வைத்தேன். மழை தகரத்தில் அடித்துக்கொண்டு இருந்தது.

“அந்தச் சொல்லுக்குரிய இடத்த விடு. பேரத் தள்ளிப் போடு” என்றேன்.

“இடம் விட்டா சொல் விழுந்து போச்சு எண்டு என்னத்தான் ஏசுவாங்க.”

“ஏசட்டும். நான் சொன்ன எண்டு சொல்லு.”

முதல் தாள் வந்தது. கம்பியூட்டர் பழக்கத்தில் பெயரை முன்னுக்கு இழுத்து இடத்தை மூடியிருந்தான். திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் அடித்தான். பெயருக்கு முன்னால் வெள்ளையாக ஒரு துண்டு இடம், ஒரு சொல் அளவுக்கு.

சந்தியில் ஒட்டினோம், கோயில் மதிலில் ஒட்டினோம், என் ஆலைச் சுவரிலும் ஒட்டினேன். மழைக்கு ஒதுங்கியவர்கள் நின்று வாசித்தார்கள். அந்த இடம் வந்ததும் ஒவ்வொருவர் வாயும் நின்றது. ஒரு வயதான தோணிக்காரர் கிட்டப் போய் விரலால் அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தார்.

“முதலாளி, இதில ஒரு சொல் இல்லயே. என்ன சொல் வரவேணும்?”

எனக்குப் பதில் சொல்லாத வழக்கம் கிடையாது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.